பன்னிரண்டாவது பெயர்

ரூபி அக்கா இறந்த செய்தி எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருந்துக் கடையில் நின்றிருந்தேன். "நமது அன்புச் சகோதரி, சபையின் தூண், ஓய்வுபெற்ற சட்ட விரிவுரையாளர் ரூபி ஞானராஜ் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று போதகர் போட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சபையின் தூணாம். அந்தத் தூணை நான்கு வருடங்களுக்கு முன்னால் பிடுங்கி வெளியே போட்டவர்கள் நாங்கள்தான். அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கியதும் என் கைதான். அப்போது நான் சபைக் கமிட்டியின் செயலாளர்.

ஆகவே இதை ஒரு நல்ல அஞ்சலியாக என்னால் எழுத முடியாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவரை அறிந்தவர்களுக்கும், மாலை நேரச் சட்டக் கல்லூரியில் அவரிடம் அரசியலமைப்புச் சட்டம் படித்தவர்களுக்கும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவ்வளவுதான்.

இனிமையானவர் என்று அவரைச் சொன்னால் அது பொய். முகத்துக்கு நேரே பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஸ்டான்லியோடு அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இருந்தார். பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடினார். யாராவது சுருதி தப்பினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். தப்பியவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

அவர் தெருவில் மாடி வீடொன்றில் நான்கு நர்ஸ் பெண்கள் குடியிருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சமைக்கும் வாசனை தாங்கவில்லை, காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று தெருவில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளோடு போனவர்களில் நானும் ஒருவன். அக்கா வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"வாசனை எனக்கும் பிடிக்கலப்பா, தலைவலி வருது" என்றார்.

"அப்ப கையெழுத்துப் போடுங்கக்கா."

"எனக்குப் பிடிக்கலைன்னா நான் ஜன்னலைச் சாத்திக்கலாம். அவங்களை வீட்டை விட்டு அனுப்பலாம்னு எந்தச் சட்டம் சொல்லுது? சுதந்திரம் என்ன, நல்லா நடந்துக்கிட்டா நாம குடுக்கற பரிசா?"

கூட வந்தவர் ஒருவர், "தெருன்னா ஒரு ஒழுங்கு வேணாமாக்கா?" என்று கேட்டார்.

"ஒழுங்கு வேணும்னு எல்லாரும் சொல்றீங்க. யாரோட ஒழுங்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவையும் சாத்திக்கொண்டார். அந்தப் பெண்கள் இரண்டு மாதத்தில் தாங்களாகவே போய்விட்டார்கள். மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அரசாங்கத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா பயந்தது அரசாங்கத்தைக் கண்டு அல்ல, எங்களைக் கண்டு. "போலீஸ்காரன் கதவைத் தட்டணும்னா ஒரு காகிதமாவது வேணும். அக்கம்பக்கத்துக்கு அதுகூட வேண்டாம்" என்பார். அதற்காக விதியே கூடாது என்பவரும் அல்ல. விதி இல்லாத இடத்தில் சுதந்திரம் வராது, ஒரு பெரிய மனுஷன்தான் வந்து உட்காருவான் என்று வகுப்பில் சொல்வாராம்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் வந்தது. அப்போதைய தலைவருக்குத் தோற்றுவிடுவோம் என்ற பயம். எதிரணியில் முன்னால் நின்றவன் தொம்மலூர் டேனியல். வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவன், வாய்த்துடுக்கு. அவன் மகள் ஒரு இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். அதைக் காரணமாக வைத்து டேனியலையும் அவன் வீட்டாரையும், இதேபோல் ஏதாவது சாக்குச் சொல்லி இன்னும் சிலரையும், மொத்தம் பதினோரு பேரை அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார் தலைவர். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை.

எங்கள் சபை விதிகளில் தெளிவாக இருக்கிறது: ஒருவரை நீக்குமுன் நோட்டீஸ் தர வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். பட்டியலை டைப் செய்யும்போது தலைவரிடம் அதைச் சொன்னேன். "நீ டைப் பண்ணு பால்ராஜ், நான் பாத்துக்கறேன்" என்றார். டைப் செய்தேன்.

பொதுக்கூட்டத்தில் பட்டியலை வாசித்ததும் ரூபி அக்கா எழுந்தார். அவருக்கும் டேனியலுக்கும் ஆகாது. அதற்கு முந்தின வருடம் இதே ஹாலில், "புருஷன் இல்லாத கிழவிக்குப் பொழுது போகல, சட்டம் பேச வந்துட்டா" என்று அவரைப் பார்த்துச் சொன்னவன் அவன். அதனால் அவர் தலைவரை ஆதரிக்கத்தான் எழுகிறார் என்று நினைத்தோம்.

"இந்தப் பதினோரு பேருக்கும் நோட்டீஸ் குடுத்தீங்களா?"

தலைவர் போதகரைப் பார்த்தார். போதகர் சிரித்தபடி, "சபை ஒரு குடும்பம் சிஸ்டர். குடும்பத்துக்குள்ள நோட்டீஸெல்லாம் எதுக்கு?" என்றார்.

"குடும்பத்துல சோறு போடாம வெளிய தள்ளினாக்கூட எதுக்குத் தள்ளறோம்னு சொல்லுவாங்க பாஸ்டர்."

"ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர். தேர்தல் முடியட்டும்" என்றார் தலைவர்.

"அட்ஜஸ்ட் பண்றது எப்பவும் வெளிய நிக்கறவனாவே இருக்கானே, அது எப்படி?"

யாரோ பின்னாலிருந்து, "டேனியலுக்குப் போய் இவங்க பேசறாங்களே!" என்றார்கள். அக்கா திரும்பினார். "டேனியலை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. பிடிச்சவங்களுக்கு எதுக்குச் சட்டம்? அவங்களுக்கு நம்ம பிரியமே போதுமே."

யாரும் கைதட்டவில்லை. தீர்மானம் நிறைவேறியது. தலைவர் ஜெயித்தார்.

அக்கா டேனியலையும் சேர்த்துக்கொண்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சபைக்குள் தீர்க்க வேண்டியதை வெளியே கொண்டுபோவது பாவம் என்று போதகர் மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாடகர் குழுவிலிருந்து அவரை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆராதனையில் அவர் உட்காரும் பெஞ்சில் மெல்ல மெல்ல வேறு யாரும் உட்காராமல் போனார்கள். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு. அதன் ஓரத்தில் அவர் மட்டும் பாட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், எப்போதும் போல உரக்கப் பாடுவார். தெருவில் அவர் எதிரே வந்தால் நான் பேக்கரிக்குள் நுழைந்துவிடுவேன். என் மனைவிக்கு அது தெரியும். தேவையில்லாமல் எத்தனை ரொட்டி வாங்கிவந்தாலும் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே டேனியலின் தாயார் எஸ்தர் அம்மாள் இறந்தார். பதினோரு பேரில் அவரும் ஒருவர். கணவர் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கமிட்டி மறுத்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் முடிவெடுக்க இயலாது என்ற கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. நான் கொண்டுபோன அந்தக் கடிதத்தை டேனியல் வீட்டு வாசலில் அக்கா வாங்கிப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "இதுல ஒரு எழுத்துப்பிழை இருக்கு பால்ராஜ்" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். எஸ்தர் அம்மாளை ஊருக்கு வெளியே பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நான்காம் வருடத்தில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கத்தினராக இல்லாதவர் சபை மேல் வழக்கு நடத்த முடியாதல்லவா? சபையின் பெயரைக் கெடுத்தார் என்று ரூபி அக்காவின் பெயரையும் நீக்கினோம். நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. பன்னிரண்டாவது பெயர். அதையும் நான்தான் எழுதினேன். அதற்கு அடுத்த வருடம் செயலாளர் பதவியை விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், மூட்டுவலி.

அதற்குள் டேனியலும் சலித்துப் போயிருந்தான். அடுத்த தேர்தலில் தலைவர் அவனுக்கு ஆள் அனுப்பினார். அவன் பெயரை மட்டும் பதிவேட்டில் திரும்பச் சேர்த்துக் கமிட்டியில் ஓர் இடமும் தருவதாகச் சொன்னார்கள். அவன் வழக்கிலிருந்து விலகிக்கொண்டான். "அந்தம்மாதான் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க" என்று எல்லோரிடமும் சொன்னான். ஸ்டான்லி இதைக் கேட்டுக் கொதித்துப்போனபோது அக்கா, "அவன் நன்றியுள்ளவனா இருக்கணும்னு வழக்குல நாம கேக்கலையே" என்றாராம். ஸ்டான்லி சொன்னார்: அன்றைக்கு முழுக்க அக்கா சாப்பிடவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட நாளில் அக்கா அங்கத்தினர்தான், ஆகவே வழக்குச் செல்லும். பதினோரு பேரின் நீக்கம் செல்லாது. ஜெயித்துவிட்டார். ஆனால் பதினோரு பேரில் மூன்று பேர் செத்துப் போயிருந்தார்கள். நாலு பேர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். டேனியல் ஏற்கெனவே உள்ளே. மீதி மூன்று பேர் அடுத்த ஞாயிறு சபைக்குத் திரும்பி வந்து திருவிருந்து எடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவர்கூட அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

அக்காவின் பெயர் தீர்ப்பில் இல்லை. நடுவில் அதையும் வழக்கில் சேர்த்துவிடலாம் என்று அவருடைய வக்கீல் கெஞ்சியிருக்கிறார். அக்காவின் பழைய மாணவிதான். அக்கா ஒப்பவில்லை. "என் பேரை நுழைச்சா இது எனக்காகப் போட்ட கேஸா ஆயிடும்மா" என்றாராம். தீர்ப்புக்குப் பிறகு தன்னை நீக்கியது செல்லாது என்று கமிட்டிக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. புது வழக்குப் போட உடம்பில் தெம்பும் இல்லை, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது.

அவர் இறந்த அன்று மாலை கமிட்டி கூடியது. ஸ்டான்லி ஒரு தாளோடு வந்திருந்தார். அக்கா எழுதி வைத்தது: பதிவேட்டில் தன் பெயர் இருந்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோர் பக்கத்தில், இல்லையென்றால் பொதுக் கல்லறையில். சிறப்பு அனுமதி எதுவும் வாங்கக் கூடாது.

"சிறப்பு அனுமதி குடுத்துடலாம். நாம மன்னிச்சுட்டோம்" என்றார் தலைவர்.

நான் கமிட்டியில் இல்லை, பின்னால் நின்றிருந்தேன். "அனுமதி வேண்டாங்கய்யா. அவங்களை நீக்கினது தப்புன்னு மினிட்ஸ்ல ஒரே ஒரு வரி எழுதுங்க. பேர் தானா வந்துடும்" என்றேன்.

எனக்குப் பதில் சொன்னது டேனியல். "விடுங்கண்ணா. செத்தவங்களுக்கு எதுக்குத் தீர்மானம்? இடம்தான் குடுக்கறோமே, பெரிய மனசு பண்ணி."

ஸ்டான்லி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் பகலில் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டோடு நேரே வந்த பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஸ்டான்லி, சபையிலிருந்து என்னையும் சேர்த்து ஆறு பேர். போதகருக்கு வேறு வேலை இருந்தது. வக்கீல் மாணவி ஜெபித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். சபையின் ஒற்றுமைக்காக வாழ்ந்தவர் என்றார் போதகர். டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்லமாட்டேன். உண்மையாக இருந்தால்தான் எனக்கு இன்னும் கசக்கிறது.

கடைசியாக ஒன்று. இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அவரைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸ் முடிந்து கூடத்தில் படுத்திருந்தார். கை முழுக்க ஊசிபோட்டுக் கறுத்த தடங்கள். பலநாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மாணவன் தப்பான பாடத்தை ஒப்பித்தால் பார்ப்பதுபோல.

"உன்னை மன்னிச்சா உனக்கு நிம்மதியா இருக்கும். அப்புறம் நீ ஒண்ணும் செய்ய மாட்டே."

"அக்கா..."

"இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற மனஸ்தாபம் இல்ல பால்ராஜ். நீ எனக்குத் துரோகம் பண்ணல, விதிக்குப் பண்ணினே. நோட்டீஸ் குடுக்கலைன்னு கையெழுத்துப் போட்டு கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுது. நான் மன்னிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

எழுதுகிறேன் என்றேன். தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்தேன். மூன்று வரி எழுதியிருந்தால் போதும். அந்தக் கடிதம் கமிட்டியின் கையில் இருந்திருந்தால் அவர் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கலாம், அப்பா அம்மா பக்கத்தில் படுத்திருக்கலாம். என் மகனுக்குச் சபையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணம் நல்லபடி முடிந்தது. அடுத்த வாரம் அக்கா இறந்தார்.

இப்போது எழுதுகிறேன்: எட்டு வருடங்களுக்கு முன் பதினோரு பேரையும், நான்கு வருடங்களுக்கு முன் ரூபி ஞானராஜையும் நோட்டீஸ் கொடுக்காமல், பதில் கேட்காமல், விதிக்கு விரோதமாக நீக்கினோம். விரோதம் என்று தெரிந்தே எழுதினேன். இதன் நகலைக் கமிட்டிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவருக்கு இது இனி உதவாது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய புத்தகங்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஸ்டான்லி. வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் எனக்குத் தர மறுத்த மன்னிப்பு.