ஊதுபத்தியும் ஒரு பக்கம் வளராத செடிகளும்

காற்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அது எந்த மூலைக்குப் போகாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். உங்கள் வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு ஒற்றை வரியில் விளங்கப்படுத்த முடியாமல் கலியாண வீடுகளில் திண்டாடியவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி. என் மனைவி றீற்றாவிடம் யாராவது கேட்டால், "அவர் காத்தாடி திருத்துறவர்" என்று சொல்லிவிட்டு உடனே சமையல் கதைக்குப் போய்விடுவாள்.

ஹொலண்டில் பல வருடம் தக்காளிக் கண்ணாடி வீடுகளில் வேலை செய்தவன் நான். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து, மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கிற சாமான்கள் விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். விளக்கு, பம்ப், விசிறி, கறுப்புத் துணிக் கூடாரம், இவைதான் எங்கள் சரக்கு. சனம் இவற்றை வாங்கிப்போய் வீட்டுச் சின்ன அறையில் பூட்டும். ஒரு பக்கச் செடி மளமளவென்று வளரும், மறு பக்கம் குட்டையாகவே நிற்கும். உடனே கடைக்கு ஓடிவருவார்கள். உரத்தைத் திட்டுவார்கள், விளக்கைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்றுத்தான். அவர்கள் வீட்டுக்கே போய் அதைப் பிடிப்பது என் பொறுப்பு.

இப்படி இருக்கையில், ஓய்வெடுக்கப் போவதாகச் சொல்லி, கோடையோடு கடையை மூடுவதாக முதலாளி அறிவித்துவிட்டார். ஐம்பது வயது தாண்டியவன் 'காற்றுப் பார்க்கத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தக் கடைசிக் காலத்துக் கதைகள்தான் இவை.

கொத்தோடு காய்த்தது

இந்த நாட்டில் வீட்டில் கஞ்சா வளர்ப்பது குற்றம். அந்தப் பெயரை வாயால் சொன்னவருக்கு ஒரு ஆணிகூட விற்கக்கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தக்காளிக்காரர்கள். உலகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு இரகசியமாகத் தக்காளி வளர்க்கிறார்கள் என்பது எனக்கு ஹொலண்டில் தெரியாமல் போய்விட்டது.

ஒரு நாள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். தன் தக்காளி இடப்பக்கம் முழங்காலளவு, வலப்பக்கம் நெஞ்சளவு என்றார். தக்காளி என்றதும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. என்ன இனம், குட்டித் தக்காளியா நீட்டுத் தக்காளியா என்று ஆர்வமாகக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்து நிறைய நேரம் யோசித்து, "சிவப்பு" என்றார். அப்படியானால் ஒரு காயைக் கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு விசிறியைப் பற்றிக் கதைப்போம் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து ஒரு கொத்துத் தக்காளியை மேசையில் வைத்தார். அதில் சூப்பர் மார்க்கெட் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கள், இன்று காலையில்தான் பறித்தேன்."

வலஞ்சுழி

கூடாரத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க, ஹொலண்டில் என் மேற்பார்வையாளர் ஒரு புகைக்குழாய் வைத்திருந்தார். நான் ஊதுபத்தி வைத்திருக்கிறேன். மூலை மூலையாகப் பத்தியைக் கொண்டுபோனால் புகை வழி காட்டும். புகை இழுபட்டுப் போனால் நல்லது, அசையாமல் நின்றால் அங்கேதான் நோய்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு அன்ரி கூடாரத்தில் கறிவேப்பிலை வளர்த்தார். பின்வரிசை மட்டும் எழும்பவேயில்லை. நான் பத்தியைக் கொளுத்தி, செடிகளைச் சுற்றி மெதுவாகக் கையைக் கொண்டுபோனேன். திரும்பிப் பார்த்தால் அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். கீழே இருந்த கணவரையும் கூப்பிட்டுவிட்டார். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கற்பூரத் தட்டோடு ஏறி வந்தார். நான் பதறிப்போய், இது பூசையில்லை, நான் கத்தோலிக்கன், காற்றுத்தான் பார்க்கிறேன் என்று எவ்வளவோ விளக்கினேன். அன்ரி பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் வேதக்காரர் எண்டாலும் வடிவாச் சுத்திறியள். அப்பிடியே சாமியறைக்கும் ஒருக்காக் காட்டிப்போட்டுப் போங்கோ."

வெறும் மேல்

சட்டன் பகுதியில் ஜெயம் அண்ணை பச்சை மிளகாய் வளர்த்தார். காலையும் மாலையும் துப்புரவு வேலை, நடுவில் மிளகாய். நான் போய்க் கூடாரத்தைத் திறந்தால், நல்ல விலையுயர்ந்த விசிறி சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. கன்றுகளைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை. சால்வைக்கு உள்ளே இருந்தவை வெளிறி, தண்டு நூலாகிப்போய் நின்றன. பிஞ்சுகளுக்குக் காற்றுப் பட்டால் சளி, தடிமன் பிடிக்கும் என்று அண்ணை தானே யோசித்துச் செய்த வைத்தியம்.

காற்றில் ஆடினால்தான் தண்டு பலப்படும், ஈரம் தேங்கினால் இலை அழுகும் என்று நான் வகுப்பெடுத்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார், தேத்தண்ணி தந்தார். பேச்சு வாக்கில் என் கடை மூடப்படுவதைச் சொன்னேன். உடனே குரலைத் தாழ்த்தி, தான் துப்புரவு செய்யும் கொம்பனி அரசாங்க அனுமதியோடு மருந்துக்குக் கஞ்சா வளர்க்கிறது, அங்கே காற்றுத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், தானே சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்படும்போது சால்வையை எடுக்கச் சொன்னேன். அவர் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். முகம் சரியாக இல்லை.

"நீங்கள் சொல்லுறது விளங்குது தம்பி. ஆனால் நான் கம்பளி ஜம்பர் போட்டுக்கொண்டு நிக்க, அதுகள் வெறும் மேலோட நிக்கிறதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

ஒரு கொப்பு

கொம்பனி கூப்பிட்டது. பொலிஸ் பதிவில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது, நன்னடத்தைக்கு ஒருவர் சாட்சி சொல்லவேண்டும், பிறகு மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். புள்ளிக்கு நான் எங்கே போவேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் கிழமையே பிளேஸ்டோவில் அந்தோனி வீட்டுக்குப் போனேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர், மன்னார்க்காரர். அவருடைய வல்லாரையும் கறிவேப்பிலையும் ஒரு பக்கம் சோர்ந்து கிடந்தன. நான் பத்தியோடு கூடாரத்துக்குள் தலையை விட்ட நேரம் கதவு தட்டப்பட்டது. யன்னலில் செடி விளக்கின் ஊதா வெளிச்சமும் புகையும் ஒரு மாதிரி மணமும் என்று பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டிருக்கிறார். இரண்டு பொலிசார் மேலே வந்தார்கள். என் கையில் பத்தி, நெற்றியில் வியர்வை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பெண் பொலிஸ் ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்துச் சிரித்தார். சமையலுக்குத்தானே என்று கேட்டார். பெயரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். நான் கட்டிலில் குந்தினேன். வழியனுப்பிவிட்டு வந்த அந்தோனி யன்னலைக் காட்டினார். கீழே இரண்டு பொலிசாரும் பச்சை இலைகளைக் கையில் பிடித்தபடி காருக்குப் போகிறார்கள். தெருச் சனம் முழுக்க வாசலில் நின்று பார்க்கிறது.

"அண்ணை, வீடு தேடி வந்தவையை வெறுங்கையோட அனுப்பக்கூடாதெண்டு ஆளுக்கொரு கொப்பு முறிச்சுக் குடுத்தனான். பிழையோ?"

சாட்சி

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கதை வளர்ந்துவிட்டது. பிளேஸ்டோவில் பொலிஸ் கஞ்சா பிடித்தது, சேவியர் உள்ளே நின்றவராம். அந்தச் சேவியர் நான்தான். என் செடிகள்கூட அவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை. றீற்றா தேவாலயப் பூசை முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை. கொம்பனிக்கு நான் பெயர் கொடுத்த சாட்சியோ எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி. அவர் காதுக்கும் கதை போயிருக்கும்.

பூசை முடிந்து சுவாமி என்னைக் கையால் கூப்பிட்டார். கொம்பனியிலிருந்து போன் வந்ததாம், உங்களைப் பற்றி நிறையக் கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லேல்லை, சேவியர். நான் பிரசங்கம் வைக்கேக்க எழும்பிப்போய் யன்னல் திறக்கிற ஒரே ஆள் எண்டு சொன்னன். அவைக்கு அதே காணுமாம், வேற ஒண்டும் வேண்டாமாம்."

இடப்பக்க வரிசை

இப்படியாக மருந்துக் கஞ்சாக் கொம்பனிக்குள் காலடி வைத்தேன். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, எங்கு பார்த்தாலும் கமரா. மேலாளர் என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். வலப்பக்கச் செடிகள் கம்பீரமாக நின்றன, இடப்பக்கம் குன்றிப்போய், சில இலைகளில் பூஞ்சணமும் பிடித்திருந்தது. இதைச் சரிக்கட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூன்று மாதத்தோடு கைகுலுக்கிப் பிரிவோம் என்றார்.

அங்கே ஊதுபத்தி கொளுத்த முடியாது. மூக்குத் துடைக்கிற மெல்லிய ரிசுக் கடதாசியை நாடாவாகக் கிழித்துத் தடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். பகலில் எல்லா மூலையிலும் கடதாசி அழகாகப் பறந்தது. விசிறிகளில் பழுதில்லை, தண்ணீர், விளக்கு எல்லாம் ஒரே அளவு. ஆனாலும் இடப்பக்கம் எழும்பவில்லை. கிழமைகள் ஓடின. றீற்றா மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கிவிட்டாள்.

ஒரு மாலை, விளக்குகள் அணையும் நேரம், மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனேன். உள்ளே ஜெயம் அண்ணை தரை துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார். பிறகு இடப்பக்க விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். என்னைக் கண்டும் ஒளிக்கவில்லை, காரணம் சொன்னார். விளக்கு அணைந்தால் குளிரும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாவம், சின்னன்கள். காலை ஷிப்டுக்கு வந்து பழையபடி திருப்பிவிடுவாராம். முதலில் ஒரு சொட்டுத்தான் குள்ளமாக இருந்தனவாம். இவர் காற்றுப் படாமல் காத்துக் காத்து அவை குட்டையாகின, குட்டையாக ஆக இவர் இன்னும் காத்தார். கமராக்கள் எல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. கள்ளனைத் தேடுகிற கமராவுக்கு இரக்கம் எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படிச் செய்யலாமா அண்ணை என்று கேட்டேன்.

"இதுகள் வருத்தக்காரருக்கு மருந்தாப் போற பிள்ளையள், தம்பி. மருந்துக்கே தடிமன் பிடிச்சால் ஆர் பார்க்கிறது?"

கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர். மறுநாள் மேலாளரிடம், துப்புரவு நேரத்தில் விசிறிகள் திசைமாறுகின்றன, அசையாதபடி பூட்டுப் போடவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பூட்டுப் போட்டார்கள். கொஞ்ச நாளில் இடப்பக்கம் நிமிர்ந்தது. மூன்று மாத முடிவில் மேலாளர் கை குலுக்கினார், பிரிவதற்கல்ல. அன்று மாலை ஜெயம் அண்ணை வாளியோடு என் அருகே வந்து, காதோடு வாய் வைத்தார்.

"விசிறியைப் பூட்டினது சரி. ஆனால் அந்த மூலைக் குட்டியை மட்டும் நான் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வைச்சிருக்கிறன், காணாத மாதிரி விடுங்கோ."

காற்று எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் ஒரு ஊதுபத்தியில் காட்டிவிடுவேன். எங்கள் சனத்தின் கை எந்தப் பக்கம் போகும் என்று காட்டுகிற பத்திதான் இன்னும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.