பம்பாய் ஓவியர் வராத ஞாயிற்றுக்கிழமை

வாசல் பேனரில் சிறப்பு விருந்தினரின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். அதையும் நேராக ஒட்டவில்லை. ஓரத்தில் அந்த ஜப்பானியப் பெயரின் முதல் எழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போன மாதம், ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர்கள் நடத்திய அனிமே விழா. ஜப்பானியக் கார்ட்டூன்களில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிவார்கள். அதற்கு காஸ்ப்ளே என்று பெயர். எங்கள் பக்கத்து ஃபிளாட் பெண் சஹானா அங்கே தொண்டர். "சும்மா வந்து பாருங்க அங்கிள், செம்மயா இருக்கும்" என்று கூப்பிட்டாள். அவள் சொன்ன பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். கதவு திறந்தபோது பதினொன்றே முக்கால்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஒலிபெருக்கி இருந்தது; அதில் "ஹலோ, செக், செக்" என்பதைத் தவிர வேறு எதுவும் ஒரு மணி நேரத்துக்கு வரவில்லை. வினாடி வினா இருந்தது, கேள்வி கேட்ட பையனுக்கே விடை தெரியாமல் கூட்டத்தைப் பார்த்து "கரெக்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே பொம்மையை விற்கும் கடைகள் எட்டு. நூறு பேர் வேஷத்தில் இருந்தார்கள், அவர்களைப் படம் எடுக்க நூறு பேர், இரண்டு கூட்டத்துக்கும் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இதை நடத்தியவர்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வாக்கிடாக்கியோடு, மிக முக்கியமான எங்கோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். எங்கே ஓடினார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கேன்டீனுக்கு.

திரும்பி வரும்போது படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஃபோமில் செய்த கவசத்தின் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் கடையில் ட்யூப் ஒட்டுவார்களே, அதே சொல்யூஷன், அதே மூக்கைத் துளைக்கும் வாடை. "கெஸ்ட் வருவாரா அங்கிள், உங்களுக்கு எதாவது தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். நரைத்த தலையைப் பார்த்து நிர்வாகத்தைச் சேர்ந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும்.  எனக்கோ, பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு முன்னறை முழுவதும் ஒரு வாரம் அந்த வாடை அடித்தது நினைவுக்கு வந்துவிட்டது.

வண்ணத் தொலைக்காட்சி எங்கள் காலனிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் சொல்லப்போவது நடந்தது தசரா விடுமுறை முடிந்த இரண்டாவது ஞாயிறு. டைரி இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். குஷாய்குடாவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய அரசு மின்னணுத் தொழிற்சாலையில் அப்பா தரப் பரிசோதனை இன்ஸ்பெக்டர். நானும் அங்கேயே பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் தங்கை விஜயா பி.எஸ்ஸி. கடைசி வருஷம்.

எங்கள் காலனித் தமிழ்ச் சங்கம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும்; ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கலாம், படித்தவர் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கட்டுரைகளைப் பற்றிச் சொல்வதற்கில்லை. பாதி நான் எழுதியவை. ஆனால் விஜயா அதில் படக்கதை வரைந்தாள். மேகத்துக்கு மேலே ஒரு நகரம், அதற்கு ஒரே காவல்காரி, பெயர் மின்மதி. அந்தக் கதைக்காக மட்டும் இரண்டு வீட்டுக்காரர்கள் முறை தப்பிவிட்டது என்று வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

விஜயாவுக்கு ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதையும் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

"எனக்குப் படத்தப் பத்தித் தெரியாதும்மா. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரிஞ்சவர் யாராவது பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுக்கட்டும், சேந்துக்க. இல்லன்னா பேங்க் பரீட்ச எழுது" என்றார்.

அந்த வாரம்தான் கம்பெனி பஸ்ஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் நடத்தும் காமிக்ஸ் விழா. உங்களுக்குப் பிடித்த நாயகர் வேஷத்தில் வாருங்கள், வெளிநாட்டுக் கார்ட்டூன் வீடியோவில் காட்டப்படும். கீழே கொட்டை எழுத்தில்: நடுவர், பம்பாயிலிருந்து வரும் பிரபல காமிக்ஸ் ஓவியர். பெயரும் போட்டிருந்தது. விஜயா அந்தப் பெயரைப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு ஒரு நோய் உண்டு. அச்சில் வந்து, கீழே யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் அது உண்மை. அப்பா அந்த நோட்டீஸை அரசாணை மாதிரி இரண்டு முறை படித்தார். மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு படிவம் டைப் அடித்துக்கொண்டு வந்தார், இரண்டு பிரதி. பொருள்: படங்கள், பன்னிரண்டு. பரிசோதித்தவரின் கருத்து. ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, பொருந்தாததை அடித்துவிடவும். கையெழுத்து, தேதி. ஆயிரக்கணக்கான சர்க்யூட் போர்டுகளை அவர் இந்தப் படிவத்தில்தான் பார்த்து அனுப்பியிருக்கிறார். மகளுக்கு மட்டும் வேறு மாதிரி செய்ய அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும் சிரிக்கவும் தோன்றவில்லை. நான் அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

விஜயா போட இருந்த மின்மதி வேஷத்தின் கிரீடத்துக்குக் கழித்துக்கட்டிய சர்க்யூட் போர்டுகளை அப்பாவே கேட் பாஸ் வாங்கிக் கொண்டு வந்தார். பச்சையும் செம்புக் கோடுமாக, வெளிச்சத்தில் நிஜமாகவே வேறு உலகத்துப் பொருள் போல இருந்தது. அதை அட்டையில் ஒட்டத்தான் அந்த ஒரு வாரச் சொல்யூஷன்.

நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருந்தது. நாங்கள் ஒன்பதே முக்காலுக்கே கல்லூரி வாசலில் நின்றோம். விஜயா கிரீடத்தோடு, நான் பன்னிரண்டு படங்களும் படிவமும் வைத்த ஃபைலோடு. எங்களைத் தவிர அங்கே ஒரு மாடு இருந்தது. பதினொன்றரைக்கு மாணவர்கள் வந்து மேஜைகளைப் போட ஆரம்பித்தார்கள். புத்தகக் கண்காட்சி என்றது இரண்டு மேஜை. எல்லாப் புத்தகங்களிலும் ஏதோ வாடகை நூலகத்தின் முத்திரை. வேஷக்காரர்களில் மூன்று பேர் ஒரே மாதிரி, பேன்ட்டுக்கு மேல் ஜட்டி. ஒருவன் ஹாஸ்டல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அது என்ன வேஷம் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கன்வீனர் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு ஒருவன் நடமாடினான். கழுத்தில் முடிச்சுப் போட்ட சிவப்புத் துண்டு முதுகில் பறந்தது. ஓவியர் எப்போது வருகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஆ ரே பாய், ஆ ரே. ட்ரெயின் லேட். கைக்கு டென்ஷன்?" வருகிறார், எதற்குப் பதற்றம் என்கிறான்.

நான் விஜயா பக்கம் திரும்பித் தமிழில், "இந்த மூஞ்சி கூப்பிட்டா இவன் சொந்தத் தாய்மாமன்கூட வர மாட்டான்" என்றேன்.

"நம்ப வீட்லயும் தமிள்தான் பாய். போலாரத்துலதான் வீடு" என்றான் கன்வீனர், எல்லாப் பல்லும் தெரிய. விஜயா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேஷப் போட்டிக்கு விஜயாவைக் கூப்பிட்டபோது கன்வீனர், "எந்த புக்ல வர்ற கேரக்டர்?" என்று கேட்டான்.

"என்னோடது. நானே வரைஞ்சது."

"அப்டின்னா லிஸ்ட்ல இல்லையே" என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டான். பரிசு போர்வைக்குப் போயிற்று. போர்வையும் கன்வீனரும் ஒரே அறையில் இருக்கிறவர்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வீடியோவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டைப் போட்டார்கள். ஜப்பானிய ரோபோ படம். ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. ரோபோ வாளை ஓங்கியது. திரை கொஞ்சம் நடுங்கியது. அடுத்த கணம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்கிறார், புரோகிதர் மைக்கைத் தேடுகிறார். அந்தக் கேசட்டின் மேலேயே யாரோ வீட்டு முகூர்த்தத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். "அய்யய்யோ, அக்கா கல்யாணம்!" என்று கன்வீனர் ஓடினான். நிறுத்த வேண்டாம் என்று கூட்டம் கத்தியது. எல்லோரும் தாலி கட்டும் வரை பார்த்தார்கள். அந்த விழாவில் சொன்னபடி முடிந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

காலையில் ரயிலில் வந்துகொண்டிருந்த ஓவியர், மதியம் மூன்றரைக்கு விமானத்தைத் தவறவிட்டார். "ஃபிளைட் மிஸ் ஆயிடுச்சு பாய்" என்றான் கன்வீனர், வாய் கூசாமல். விஜயா என் கையிலிருந்த ஃபைலைத் திறந்து படிவத்தை எடுத்து அவனிடம் காட்டினாள். அவன் வாசித்தான். வாசித்த வரைக்கும் அவன் முகத்தில் கேலி இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். படங்களையும் புரட்டினான்.

"இவ்ளோதானா? குடுங்க, அவர் பேர்ல நானே போட்டுத் தரேன். பெரியவருக்கு என்னா தெரியப்போவுது?" பேனாவைத் திறந்துவிட்டான்.

விஜயா என்னைப் பார்த்தாள். "போடட்டுமேண்ணே."

"அதெப்படி? வராத ஆளோட கையெழுத்தா?"

"படம் நல்லாருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்கு?"

"அதுக்குத்தான் கேக்குறேன்."

நான் படிவத்தைப் பிடுங்கினேன். கருத்து என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து, நிபுணர் வரவில்லை, பிற்பகல் 3.40 என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பஸ்ஸில் நாச்சாரம் தாண்டும் வரை அவள் கிரீடத்தோடேயே இருந்தாள். தாண்டிய பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர், "ஏமம்மா, டிராமாவா?" என்று தெலுங்கில் விசாரித்தார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அப்பா படிவத்தைப் படித்தார். கோபப்படவில்லை. "அப்போ இன்ஸ்பெக்ஷனே நடக்கல. நடக்காததை நான் ரிஜெக்ட் பண்ண முடியாது. அவர் வர்ற வரைக்கும் ஹோல்ட்" என்றார். அவர் பிரிவில் பரிசோதிக்காத சரக்குக்கு மஞ்சள் சீட்டு கட்டி அலமாரியில் வைப்பார்கள். அவர் நியாயமாகத்தான் நடந்தார். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் கடைசித் தேதி மட்டும் அந்த நியாயத்துக்குக் காத்திருக்கவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் விஜயா பேங்க் பரீட்சை எழுதினாள். முதல் தடவையிலேயே தேறினாள்.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். கன்வீனரின் ரயிலும் விமானமும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன. ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து பதிப்பகத்தின் முகவரியை எடுத்து, அந்த ஓவியருக்குக் கடிதம் எழுதினேன். தாங்கள் இன்ன நாள் ஹைதராபாத்துக்கு அழைக்கப்பட்டிருந்தீர்களா என்று தெரிவிக்கவும். இருபது நாளில் அவர் கையாலேயே எழுதிய கார்டு வந்தது. தன்னை யாரும் அழைக்கவில்லை, அப்படி ஒரு விழாவைக் கேள்விப்பட்டதும் இல்லை, அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. ஓரத்தில் சின்னதாக ஒரு பூனையும் வரைந்திருந்தார்.

நான் அதை வெற்றிக்கொடி மாதிரி தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "பாத்தியா? அன்னிக்கே சொன்னேன்ல, அத்தனையும் புளுகு!"

விஜயா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கினாள். பூனையை வெகுநேரம் பார்த்தாள்.

"லெட்டரோட படத்த வெச்சு அனுப்பலையாண்ணே?"

ஃபைல் என் மேஜை மேல்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை அதன் மேல் வைத்துத்தான் எழுதியிருந்தேன். மறுபடி எழுதலாமே என்றேன். "நக்கோண்ணே, வேணாம், விடு" என்றாள். அடுத்த மாதம் அவளுக்கு வாரங்கல் கிளையில் வேலை உத்தரவு வந்தது. அந்தத் துண்டு கட்டிய பயலை இன்று வரை நான் மதித்ததில்லை. ஆனால் அவனாவது அன்றைக்கு அவளுக்காகப் பேனாவைத் திறந்தான்.

எங்கள் காலனியின் குவார்ட்டர்ஸ் வரிசைகளில் இப்போது பாதியை இடித்துவிட்டார்கள். தமிழ்ச் சங்கத்து அலமாரியைக் காலி செய்தபோது கையெழுத்துப் பத்திரிகைகள் எங்கே போயின என்று நான் கேட்ட ஐந்து பேருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு படங்களும் ஏதோ ஒரு மாற்றலில் தொலைந்தன. அனிமே விழாவிலிருந்து வீடு திரும்பிய அன்று மாலையே விஜயாவுக்குப் போன் செய்தேன். பேங்கில் மேனேஜராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

"மின்மதி ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்காளே. மேகத்துக்கு மேல காவல்."

"முகம் எப்படி இருக்கும்?"

குக்கர் விசில் ஒன்று கேட்டது. "மூக்கு கொஞ்சம்... இல்ல, அது வேற யாரோ. வரலண்ணே. உன் டைரியில பாத்துச் சொல்லேன்."

எடுத்துப் பார்த்தேன். முழுதாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நாங்கள் போன பஸ்ஸின் எண், அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற நேரம், அன்றைக்கு மழை இல்லை என்பது, ரோபோ வந்த ஐந்து நிமிடம் எல்லாம் இருக்கின்றன. மின்மதிக்குக் கண் பெரிதா, நெற்றி அகலமா என்று ஒரு வரி இல்லை.