மார்பு உயரத்தில் ஓர் ஆணி

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அதற்கு மார்பு உயரம் என்று பெயர். எல்லார் மார்பும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பதால் அளந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். அடுத்த முறை டேப் அதே கோட்டில் உட்கார வேண்டும். இரண்டு விரல் மேலே கீழே போய்விட்டால், வளர்ந்தது மரமா, நகர்ந்தது டேப்பா என்று யாருக்கும் தெரியாது.

டேப்காரருக்குப் பெயிண்ட் மேல் நம்பிக்கை இல்லை. மழைக்காட்டில் அது மூன்று மழைக்குத் தாங்காது. பாசி மூடும்; பட்டை உரியும். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த அலுமினியத் தகடு ஒன்றை ஆணியடித்து மாட்டுவது வழக்கம். அந்த ஆணியை அவர் சரியாகக் கோட்டின் மேலேயே அடித்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டு மரங்கள், எண்ணூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். பெயிண்ட் போனாலும் ஆணி போகாது. டேப் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். யாரும் சொல்லித் தந்ததல்ல, அவராக யோசித்தது. பார்வையிட வந்த பெரிய அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. வனத்துறையில் அளவு உதவியாளர். முந்தைய வருடம்தான் அவர் வேலை பார்த்த மலைச் சரிவில் பெரிய மரங்களை வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சமுள்ள மரங்கள் எவ்வளவு வேகமாகப் பருக்கின்றன என்று பார்த்து, அடுத்த வெட்டு எத்தனை வருடம் கழித்து என்று முடிவு செய்வார்கள். முதலில் முப்பத்தைந்து வருடம் என்று வைத்திருந்தார்கள். அதைச் சரிபார்க்கத்தான் இரண்டு ஹெக்டேரில் கயிறு கட்டி அந்த அளவுத் திட்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளவு. அவர் டேப்பைச் சுற்றி எண்ணைச் சொல்வார். கூட வருபவர் எழுதிக்கொள்வார். எழுதுகிறவருக்கு நோட்டு என்றே பெயர் ஆகிவிட்டது.

பருத்த மரத்தைச் சுற்றி டேப் போட வேண்டுமென்றால் கன்னம் பட்டையில் ஒட்ட, இரண்டு கையாலும் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டையின் முன்பக்கம் எப்போதும் பச்சையாகத்தான் வீடு திரும்பும்.

"தினம் நாப்பது மரத்தைக் கட்டிப் புடிக்கிறாரு," என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்வாள். "வீட்ல ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் வந்தா, அன்னிக்கு மழைன்னு அர்த்தம்."

பதினாறு வருட எண்களைக் கூட்டி வகுத்து, வருடத்துக்குச் சராசரி ஒன்றரைக்கு மேல், ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர் பருக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள். நல்ல வளர்ச்சி. முப்பத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டாம், இருபத்தைந்து போதும் என்று விதியை மாற்றினார்கள். இந்தச் சரிவுக்கு மட்டுமல்ல, மலையிலுள்ள ஐந்து பிரிவுகளுக்கும். அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னார்: "அது நம்ம நம்பரு."

இருபத்து நான்காவது வருடம் மகள் வந்தாள். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இரண்டாம் வெட்டுக்கு முன் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவளையே அனுப்பியிருந்தார்கள். இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி எடுப்பாள். கட்டி கட்டியாகப் பையில் போட்டு எழுதுவாள். அப்பாவைப் போலவே, தேவைக்கு மேல் பேசமாட்டாள்.

"முதல் வருஷம் இங்க இலை மட்கு எவ்வளவுப்பா இருந்துச்சு?"

"கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் போகும்."

"இப்ப ரெண்டு விரல்தான் இருக்கு."

வெட்டிய மரத்தை இழுத்துப்போன பாதைகளில் குழாய் இறங்கவே இல்லை. சுத்தியலால் அடித்தாள். பத்துக் குழிகளில் மூன்று மண்புழு. பெரிய விதையுள்ள மரங்களின் கன்று ஒன்றுகூட இல்லை. வெயிலுக்கு முளைக்கும் நாலு வகைதான் எங்கும். முதல் வருடத்து நோட்டில் நூற்று முப்பத்தெட்டு வகை மரங்கள். இப்போது தொண்ணூற்றொன்று.

அவள் தரையிலேயே உட்கார்ந்து அவருடைய நோட்டைப் புரட்டினாள். வெகு நேரம் புரட்டினாள்.

"மண்ணு பட்டினி கெடக்குது. மரம் மட்டும் எப்படிப்பா கொழுக்குது?"

"மரத்தத்தான் கேக்கணும்," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு மண் பைகளோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை இருநூற்றுப் பதினேழாம் மரத்தை அளக்க டேப்பைச் சுற்றினார். எண்ணைச் சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமல் கையைப் பட்டை மேல் வைத்தார். ஆணிக்குக் கீழே வைத்து மெல்ல மேலே கொண்டு போனார். கை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இத்தனை வருடமாகக் கை பட்ட இடம்தான். உள்ளங்கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஆணி மரத்துக்குப் புண். மரம் அதைச் சுற்றித் தடித்து, வருடம் போகப்போக விழுங்கப் பார்க்கும். அந்தத் தடிப்பின் மேல் டேப்பைச் சுற்றித்தான் இருபத்து நான்கு வருடம் மரம் வளர்கிறது என்று அவர் எண் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆணி மட்டத்தில் நூற்று இருபத்தொன்று. ஒரு சாண் மேலே நூற்று ஒன்பது. மேலே போகப் போக மரம் சிறுக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு சாணுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் சிறுக்காது.

"நம்பர சொல்லுங்கண்ணே, அட்ட கடிக்குது," என்றார் நோட்டு.

அவர் அடுத்த மரத்துக்குப் போனார். பிறகு அதற்கடுத்தது. ஏழாவது மரத்தில் டேப்பைக் கீழே போட்டுவிட்டு வேர் மேல் உட்கார்ந்தார்.

விஷயத்தைக் கேட்டு நோட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். காட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"இத எங்கிட்ட சொன்னீங்க, சரி. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போகப் போறீங்க. ஆணி உங்களோட போகட்டும்."

"நாப்பது நாள்ல ரம்பம் வருது."

"வந்தா வரட்டும். நீங்களாண்ணே வெட்டுறீங்க?"

"நம்பர சொன்னது நான்தானே?"

நோட்டு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எழுதியது அவர்.

அவர் போய்ப் பார்த்த திட்ட அதிகாரி மோசமானவர் அல்ல. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். முழுவதையும் கேட்டார்.

"ஆணியா?" என்றார்.

"ஆமா சார். ஒரு முழம் மேல அடிச்சிருக்கணும். நான் கோட்டு மேலயே அடிச்சிட்டேன்."

"ரோடு போட்டாச்சு. மெஷின் மேல ஏறியாச்சு. இப்ப வந்து ஆணிங்கறீங்க. இதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது, சொல்லுங்க." பிறகு அவரே இரக்கப்பட்டு, "எழுத்துல குடுங்க. அளவோட, கணக்கோட குடுங்க. மேல அனுப்புறேன்," என்றார்.

உயிரோடிருந்த மரங்கள் அறுநூற்று நாற்பது. நோட்டு விடுப்பு எடுத்துக்கொண்டார். டேப்காரர் தனியாகப் போனார். ஆணி மட்டத்தில் ஒன்று, ஒரு சாண் மேலே ஒன்று. அளந்து, டேப்பை வாயில் கவ்விக்கொண்டு, எழுதி, அடுத்த மரம். மழைக்காலம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

"என்னங்க, ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்களேன். மரம் ஓடியா போயிரும்?" என்றாள் மனைவி.

"ஓடாதுடி. அதான் கஷ்டம்."

இருபத்தாறாம் நாள் அளவு முடிந்தது. நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், ஆய்வுக்கூட வாசலில் மகள் கையில் கொடுத்தார். அன்றிரவே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். தடிப்பின் சராசரி பத்து புள்ளி எட்டு சென்டிமீட்டர். அதைக் கழித்தால் உண்மையான வளர்ச்சி வருடத்துக்கு ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. முப்பத்தைந்து வருடம் முப்பத்தைந்தாகவே இருந்திருக்க வேண்டும். மண் சொன்னதும் மரம் சொன்னதும் முதல் தடவையாக ஒத்துப்போயின.

காலையில் போன் செய்தாள்.

"கணக்கு சரியா வருதுப்பா. ஆனா ஒண்ணு பாக்கி. ஒரே ஆள் ரெண்டு தடவ அளந்தா எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு காட்டணும். அது இல்லாம யாரும் ஏத்துக்க மாட்டாங்க. அறுபது மரம் போதும், திரும்ப அளந்துருங்க."

"அறுபதா?"

"எந்தெந்த மரம்னு லிஸ்ட் அனுப்புறேன். நீங்களா பொறுக்கி எடுக்கக் கூடாது."

பொறுக்கி எடுத்தால் முடிவு கோணிவிடும் என்று அவள் படித்திருந்தாள். தேர்வு தற்செயலாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தற்செயலாகத் தேர்ந்த அறுபதில் இருபத்திரண்டு மரங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அவர் அதைக் கடந்தார். இரண்டு அளவுகளுக்கும் இடையே வித்தியாசம் சராசரி இரண்டு மில்லிமீட்டர். அவ்வளவு சுத்தமான அளவை அவள் ஆய்வுக்கூடத்திலும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் மாலை அவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.

தலைமை அலுவலகத்தில் இதற்காக வைத்த கூட்டத்துக்குக் காய்ச்சலோடுதான் வந்தார். நீள மேசை, பதினொரு பேர். மகள் அறிக்கையைப் படித்தாள். மேசைக் கோடியில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சந்தேகம். இருபத்தி நாலு வருஷம் தப்பா அளந்தவரு, இந்த ஒரு மாசம் மட்டும் சரியா அளந்தாருன்னு நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"திரும்ப அளந்த அறுபது மரத்தோட விவரம் ஆறாம் பக்கத்துல இருக்கு," என்றாள் மகள்.

"அதையும் இவர்தானே அளந்தாரு? கணக்கு யாரு சரிபார்த்தது?"

"நான்தான்."

"நீங்க இவருக்கு..."

"பொண்ணு."

மேசையைச் சுற்றி ஒரு சின்ன அசைவு. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேறு யாரிடமாவது ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அவளுக்குத் தோன்றவே இல்லை.

டேப்காரர் எழுந்து நின்றார். நிற்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஐயா, தப்பு என்னுது. எழுதித் தந்துட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, வேலைய விட்டு அனுப்புங்க. ஆனா அந்த மரங்க இன்னும் பத்து வருஷம் நிக்கணும். இப்ப வெட்டுனா மறுபடி வெட்ட அங்க ஒண்ணும் இருக்காது. மண்ணப் புடிச்சு நிக்க வேர் இல்ல. நீங்க யாராச்சும் ஒருத்தர் வாங்க. ஒரே ஒரு மரத்துல கைய வச்சுப் பாருங்க. டேப்பே வேணாம்."

யாரும் கோபப்படவில்லை. அவர் உட்கார நாற்காலியை ஒருவர் நகர்த்தியும் கொடுத்தார். தனிக்குழு ஒன்று போட்டு, நிற்கும் மரங்களில் நேரடியாகச் சோதிப்பது என்று முடிவாயிற்று. அதுவரை வேலை திட்டப்படி நடக்கும்.

திட்டப்படி நடந்தது. ரம்பம் இறங்கிய அன்று அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு நுரையீரலிலும் நீர். நான்கு நாளில் சரிவு முடிந்தது. ஆறாம் நாள் குழு மலை ஏறியது. பத்தாம் நாள் அவர்களுடைய கடிதம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சோதிக்க வேண்டிய மரங்கள் நிற்கும் நிலையில் இல்லாததால் புகாரின் உண்மைத் தன்மையை உறுதி செய்ய இயலவில்லை; எனவே நடப்பிலுள்ள வளர்ச்சி விகிதமே மற்ற நான்கு பிரிவுகளுக்கும் தொடரும்.

மகள் அதை ஆஸ்பத்திரி நடையில் இரண்டாம் முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறு கட்டில் போட்ட அறை. அவருடையது ஜன்னலோரம். முகமூடியைத் தாமாகவே விலக்கினார்.

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்கப்பா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார்:

"ஆர்டர் நம்பர் என்ன?"

ஏதாவது நான்கு இலக்கம் சொன்னால் போதும். ஒன்பது வருடமாக எண்களோடுதான் அவளுக்கு வேலை. கருவி காட்டாத எண்ணை அவள் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆர்டர் நம்பர் பையிலிருந்த கடிதத்தில் இருந்தது. வாயைத் திறந்தாள். எண் வரவில்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைவார் என்று நினைத்தாள்.

"மேல இருந்து வெட்ட ஆரம்பிச்சாங்களா, கீழ இருந்தா?"

"மேல இருந்துப்பா."

"மேல இருந்தா? இந்த மழைலயா?" முழங்கையை ஊன்றினார். "மண்ணு மொத்தமும் ஓடைக்கு வந்துருமே. யாருமே சொல்லலையா அவங்களுக்கு?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"என் பூட்ஸ எடு."

"அப்பா."

"கட்டிலுக்கு அடியில இருக்கும் பாரு. எடும்மா, போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

பூட்ஸ் வீட்டில் இருந்தது. அவர் ஒரு காலைக் கட்டிலிலிருந்து இறக்கினார். கையிலிருந்த ஊசிக் குழாய் இழுபட்டது. நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மகள் தன் இரண்டு கைகளையும் அவர் தோளில் வைத்து, அழுத்திப் படுக்க வைத்தாள். அதற்கு அதிக பலம் தேவைப்படவில்லை.