எந்தப் படம் வைக்கட்டும்ங்க?

மவுசைச் சட்டை முனையால் துடைத்து, வந்தவரின் கைக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான் இளம்பரிதி. "நீங்களே அமுக்குங்க. நான் தொட மாட்டேன்." முதல் சொடுக்கு வந்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை கைகளை அவிழ்ப்பதில்லை. பின்கழுத்தில் கொசு கடித்தாலும் தோளைக் குலுக்குவதோடு சரி.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே அவனுடைய கணினி பழுது பார்க்கும் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தெருவில் நிற்க வேண்டும். பழுது பார்க்கக் கூலி உண்டு. அவனே எழுதிய 'வாசல்' என்ற சின்ன மென்பொருள் மட்டும் எல்லாருக்கும் இலவசம். வேண்டாம் என்றாலும் ஆளை விடமாட்டான்.

விஷயம் இதுதான். யார் யாரோ எழுதி இலவசமாக விட்ட அருமையான நிரல்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் பலவற்றுக்கு முகம் கிடையாது. கறுப்புத் திரையைத் திறந்து நீளமான ஆங்கிலக் கட்டளையைத் தட்டினால்தான் அசைந்து கொடுக்கும். ஒரு புள்ளி பிசகினாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். 'வாசல்' அந்தக் கட்டளையை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு, முகப்பில் ஒரு படத்தை நிறுத்திவிடும். படத்தை அமுக்கினால் போதும், கறுப்புத் திரை கண்ணில் படாமலே வேலை நடக்கும்.

அந்தப் படத்தில்தான் இருக்கிறது அவனுடைய கிறுக்கு. "எந்தப் படம் வைக்கட்டும்ங்க?" என்று கேட்காமல் எதையும் தொடங்க மாட்டான். "ஏதோ ஒண்ணு வைப்பா" என்று சொன்னால் பேசாமல் காத்திருப்பான். கல்யாணப் படங்களை மொத்தமாகச் சுருக்க வழி தேடி வந்த ஸ்டுடியோக்காரர் எலுமிச்சம்பழம் கேட்டார். வினாத்தாள்களை ஒன்றாகக் கோக்க வந்த டியூஷன் டீச்சர் தாழம்பூ கேட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

இந்தக் கிறுக்கு அவன் அம்மா சின்னம்மாளின் வழியில் வந்தது. அவள் சுரங்கத்து ஆட்களின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகளில் வாசல் பெருக்கிப் பாத்திரம் துலக்குகிறாள். ஒரு பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. எண்ணைப் படிக்க அவளுக்குத் தெரியாது. அதனால் செம்பருத்தி வூடு, ஸ்கூட்டர் வூடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். "நாய் வூட்டுல நாய் செத்து எவ்ளோ நாளாச்சு. அதுக்காவ வூடு மாறிடுமா?" என்பாள்.

பன்னீர்செல்வத்தின் வீடு அவளுக்குச் சத்தக்கார வூடு. அவர் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை வீட்டிலும் இறங்கியதில்லை. போன வருடம் தொண்டையில் புற்று வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. எழுதிக் காட்டட்டும் என்று சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதைத் தொடவில்லை. பசித்தாலும் கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"இன்னிக்கு அந்த வூட்டத் தாண்டிப் போயிட்டேண்டா" என்றாள் சின்னம்மாள் ஒரு நாள். "காதாலயே கண்டுபுடிச்சிகினு இருந்த வூடு. சத்தமே இல்ல. அந்தம்மா பின்னாடியே ஓடியாந்து கூப்புட்டாங்க. எனக்கு அழுவையா வந்துடுச்சி."

எழுதிக் கொடுத்த தமிழை உரக்கப் படிக்கும் நிரல் ஒன்று இளம்பரிதியிடம் இருந்தது. அதுவும் கறுப்புத் திரை வகையறாதான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மறுநாளே பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். போன வேகத்தில், யாரையும் கேட்காமல் தானே ஒரு டீ கிளாஸ் படத்தை வைத்து, அதற்கு ஒரு பேச்சையும் எழுதி, தானே அமுக்கியும் காட்டினான்.

"கஸ்தூரி, எனக்குத் தேநீர் வேண்டும்" என்றது கணினி.

பன்னீர்செல்வத்தின் மனைவி கஸ்தூரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "யாரு தம்பி இது, ரேடியோவுல நியூஸ் படிக்கிறவரா? எங்க வூட்டுக்காரரு என்னிக்கு இப்புடிக் கேட்டாரு?"

பன்னீர்செல்வம் மவுசைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்த அம்மாளின் கண்ணில் நீர் வந்துவிட்டது. மனிதரைக் கேட்காமல் மனிதருக்குப் பேச்சு எழுதலாமா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினான் இளம்பரிதி.

மறுநாள் காலை மறுபடியும் போய்க் கட்டிலோரம் நின்றான். "எந்தப் படம் வைக்கட்டும்ங்க, சார்?"

அவன் நகரவில்லை. வெகுநேரம் கழித்துப் பன்னீர்செல்வத்தின் விரல் எழுந்து சுவரைக் காட்டியது. இயந்திரத்தின் பெரிய சக்கரத்துக்குக் கீழே தலைக்கவசத்தோடு அவர் நிற்கும் போட்டோ. டீ கேட்பதற்கு மண் வெட்டும் சக்கரம். அவன் மறுபேச்சில்லாமல் செல்போனில் அதைப் படம் பிடித்தான்.

"சார் எப்புடிம்மா கேப்பாரு?"

கஸ்தூரியம்மாள் வெட்கப்பட்டு, பிறகு குரலைத் தடிக்க வைத்துச் சொல்லிக் காட்டினார். "கஸ்தூரி, டீ இன்னா ஊட்டியிலேருந்தா வருது?" அவன் அப்படியே தட்டினான். பன்னீர்செல்வம் தலையை ஆட்டி மறுத்தார். அதுவரை தொடாத சிலேட்டை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினார்: யேய். அடுத்தவர் முன்னால் அதைச் சொல்லக் கூசி அந்த அம்மாள் விட்டிருந்தார். அவன் அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் சேர்த்தான். கஸ்தூரியம்மாள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

இளம்பரிதி மவுசைத் துடைத்து நகர்த்தி வைத்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பன்னீர்செல்வத்தின் விரல் மேலேயே நின்றது. அவன் ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

விரல் இறங்கியது. "யேய் கஸ்தூரி, டீ இன்னா ஊட்டியிலேருந்தா வருது?" மெல்லிய இயந்திரக் குரல். அடுப்படி வரை அது எட்டவில்லை.

பன்னீர்செல்வம் எட்டி, ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரை திருப்பினார். மறுபடியும் அமுக்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"போட்டுகினுதான் இருக்கேன், கத்தாதீங்க" என்று குரல் வந்தது அடுப்படியிலிருந்து.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தான் இளம்பரிதி. வீட்டைத் தாண்டிப் போயிருந்த சின்னம்மாள் தெருவில் நின்றாள். யாரும் கூப்பிடாமலே திரும்பி நடந்து வந்து, கேட்டின் கொக்கியைத் தூக்கினாள்.