நூலகச் சுவரில் தாசில்தார் முத்திரை

பசுபதிக்கு வயது ஐம்பத்தொன்று. சான் ஹோசேக்கு வடக்கே உள்ள எங்கள் நகரில் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கிறார். சிப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறார். மனைவி எழிலரசி மருந்தகத்தில் பணிபுரிகிறார். ஒரே மகள் ரோஷினி ஒன்பதாம் வகுப்பு மாணவி.

அவர் பிறந்தது திருக்கோவிலூர் அருகே ஒரு சிற்றூரின் காலனியில். ஆனால் இங்கே யார் கேட்டாலும் "திருவண்ணாமலை டவுன், கோயில் பக்கம்" என்பார். கூட்டு விருந்துகளில் மற்றவர்கள் கோழி பிரியாணி உண்ணும்போது அவர் தயிர்ச்சாதத் தட்டுடன் அமர்ந்திருப்பார். வீட்டில் ஞாயிறுதோறும் மீன் குழம்பு உண்டு. அன்று சன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். 2009இல் அவருடைய தந்தை வந்து ஆறு மாதம் தங்கியபோது, ஊரில் உள்ள தெருவின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பசுபதி முதல் நாளே அவரைக் கேட்டுக்கொண்டார். தாம் எந்தச் சாதி என்பது இங்குள்ள தமிழர் எவருக்கும் தெரியக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மாவட்டம் எத்னிக் ஸ்டடீஸ் என்னும் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பருவத்துக்குச் சோதனையாக அறிமுகப்படுத்தியது. பூர்வகுடிகள், கறுப்பின மக்கள், குடியேறிகள் ஆகியோரின் வரலாற்றை மாணவர்கள் தத்தம் குடும்பக் கதைகளோடு சேர்த்துப் படிப்பது அதன் நோக்கம். அதில் இந்தியச் சாதிமுறை பற்றி ஒரு பாடம் இருந்தது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. "நாளைக்கு எவனாவது நம்ம பொண்ணுகிட்ட நீ என்ன ஜாதின்னு கேப்பான். தேவையா?" என்றார் ரோஷினியின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையான ஸ்ரீநிவாசன். அந்த அச்சம் பொய்யானதன்று. அந்தப் பாடத்தை நீக்கக் கோரிப் பள்ளி வாரியத்துக்கு ஒரு மனு தயாராயிற்று. ஸ்ரீநிவாசனும் பசுபதியும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே காரில் அலுவலகம் செல்பவர்கள். காரிலேயே ஸ்ரீநிவாசன் மனுவை நீட்டினார். பசுபதி பதினான்காவதாகக் கையெழுத்திட்டார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்பது ஒன்றே அவர் காரணம்.

மகளின் எத்னிக் ஸ்டடீஸ் வகுப்பில் ஆசிரியை ஒர்டேகா ஒரு பணி கொடுத்திருந்தார்: உங்களை விட வயதான குடும்பக் காகிதம் ஒன்றைப் பெரிதாக்கி, கண்காட்சிக்குக் கொண்டு வாருங்கள். ரோஷினி தாயிடம் கேட்டாள். தொலைபேசியில் இருந்த எழிலரசி, "அப்பாவோட ப்ளூ ஃபைல்ல எதாவது எடுத்துக்கோடி" என்று கையசைத்தார். ரோஷினிக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. பட்டச் சான்றிதழ்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவற்றை ஒதுக்கினாள். முழுக்கத் தமிழில், பச்சை மையில் கையெழுத்தும் வட்ட முத்திரையுமாக இருந்த காகிதமே அவளுக்கு அழகாகத் தெரிந்தது. அதை மூன்றடி உயரத்துக்குப் பெரிதாக்கினாள். அப்பாவுக்கு வியப்பாக இருக்கட்டும் என்று வீட்டில் காட்டவில்லை.

கண்காட்சி வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளி நூலகத்தில் நடந்தது. எழிலரசி மருந்தகத்தில் இருந்ததால் தனியாக வந்த பசுபதி உள்ளே நுழைந்தபோது எதிர்ச்சுவரில் அவருடைய சாதிச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டு, தாசில்தார் அலுவலகம். தந்தை பெயர், காலனித் தெரு, சாதியின் பெயர், அது பட்டியல் இனத்தைச் சேர்ந்தது என்னும் வரி, எல்லாம் பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி இருந்தன.

"அப்பா, ஹௌ இஸ் இட்? பெஸ்ட் இன் த ரூம்!" என்று மகள் ஓடிவந்தாள்.

பசுபதியின் கையிலிருந்த காபிக் கோப்பை சாய்ந்து காலணியில் வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. சுவருக்கு நேர் எதிரே ஸ்ரீநிவாசன் நின்றுகொண்டிருந்தார்.

ஆசிரியை ஒர்டேகா அருகில் வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்ல முடியுமா எனக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். பசுபதி, அது பள்ளியில் கொடுத்த நற்சான்று என்றும், இவன் ஒழுக்கமான மாணவன் என்று எழுதியிருக்கிறது என்றும் ஆங்கிலத்தில் கூறினார்.

அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் ஸ்ரீநிவாசன். அவர் கண் இமைக்காமல் தலையசைத்தார். "யெஸ், யெஸ். வெரி குட் ஸ்டூடன்ட்னு போட்டிருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பசுபதியை உலுக்கியது அந்தத் தலையசைப்புதான். முதன்முறையாக அறிந்துகொள்பவரின் முகம் அப்படி இருக்காது. கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

"ஸ்ரீனி, உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"விடுங்க பசுபதி. இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"உங்க அப்பா வந்திருந்தாரே, அப்போலேர்ந்து. கோயில்ல பேசிட்டிருந்தோம். ஊரு, தெரு எல்லாம் அவரே சொன்னார். நல்ல மனுஷர், மறைக்கத் தெரியல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். அன்னிக்குச் சாயங்காலமே." ஸ்ரீநிவாசன் சிரிக்க முயன்றார். "நாங்க யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்போமா? நீங்க முட்டை கூடத் தொடாம உக்காந்திருப்பீங்க. பாவமா இருக்கும். என் வைஃப் வசந்தாமணி கூடச் சொல்லுவா, யாராவது அவர் தட்டுல ஒரு பீஸ் வைங்களேன்னு."

பதினாறு ஆண்டுகள். பசுபதி காரின் கதவைப் பற்றிக்கொண்டார். பின்பு கேட்க வேண்டிய கேள்வி அவருக்கு எட்டியது.

"அப்போ மனுல என் கையெழுத்து?"

ஸ்ரீநிவாசன் சாவிக்கொத்தைப் பார்த்தார். "உங்க பேரும் இருந்தா போர்டுல ஒருத்தரும் வாயத் திறக்க முடியாதுல்ல? அவங்க ஆளே வேண்டாம்னு சொல்றாரேன்னு... யாராவது ஆட்சேபிச்சா மட்டும்தான் சொல்றதா இருந்தோம், பசுபதி. சத்தியமா."

அன்றிரவு பசுபதி மகளிடம் முழுவதையும் கூறினார். காகிதம் என்ன என்பதைக் கேட்டு அவள் அதிரவில்லை. "ஸோ வாட்?" என்றாள். அவள் அதிர்ந்தது வேறு இரண்டுக்கு. "என் டீச்சர்கிட்ட லை பண்ணீங்களா? அண்ட் யூ சைன்ட் அகெய்ன்ஸ்ட் மை க்ளாஸ்?" அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டம். மனுவில் கையெழுத்திட்ட நாங்கள் மூன்று வரிசைகளில் அமர்ந்திருந்தோம். பேச விரும்புவோருக்குத் தலைக்கு ஒரு நிமிடம். ஆறாவதாகப் பசுபதியின் பெயர் அழைக்கப்பட்டது. ரோஷினி வந்திருந்தாள்; கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மனுவின் பதினான்காவது கையெழுத்து தம்முடையது, அதை நீக்கிவிட வேண்டும் என்று பசுபதி கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்றார் தலைவர். சொல்கிறேன் என்றார் பசுபதி. வியாழனன்று நூலகத்தில் ஒரு காகிதத்துக்குத் தாம் தவறான பொருள் கூறியதாகவும், அது நற்சான்று அன்று என்றும் சொல்லி, சான்றிதழை வரிவரியாக ஆங்கிலத்தில் படித்தார். தெருப் பெயரில் குரல் உடைந்தது; மறுபடியும் அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து படித்தார். மணி அடித்தது. சாதியின் பெயரை அவர் மணி அடித்த பிறகே கூறினார்.

அடுத்து அழைக்கப்பட்டவர் ஸ்ரீநிவாசன். அவர் கையில் இரண்டு பக்க உரை இருந்தது. ஒலிவாங்கி வரை சென்று, முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். "எங்களுள் ஒருவரும் பட்டியல் இனத்தவருமான பசுபதியே" என்று தொடங்கும் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து, பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.