கட்டிலுக்கு அடியில் ஒரு கிதார்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அம்மாவின் வீணைக்குத்தான் மரியாதை. எழுபதுகளின் தொடக்கத்தில், ஜாஸ் பைத்தியம் பிடித்து, மலிவாகக் கிடைத்த பழைய கிதார் ஒன்றை வாங்கினேன். வயலினைப் போல வயிறு உப்பிய கிதார். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று போர்வை சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்திருந்தேன். அவள் கோயிலுக்குப் போகும்போதுதான் வாசிப்பேன்.

அன்று சரஸ்வதி பூஜை. சாயங்காலம் அடையாறில் ஒரு கிளப்பில் எங்கள் குழுவுக்கு முதல் மேடை. கிளம்பும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் கைவிட்டால் போர்வை மட்டும்தான் இருந்தது. பரணில் தேடினேன், கொல்லையில் தேடினேன். அம்மா பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டாளோ? கேட்டால் நானே மாட்டிக்கொள்வேன்.

கடைசியில் பூஜை அறையை எட்டிப் பார்த்தேன். வீணைக்குப் பக்கத்தில் என் கிதார்! உப்பிய வயிற்றில் சந்தனம், குங்குமம்.

"சரஸ்வதியைப் போய்க் கட்டிலுக்கடியில வெப்பாளாடா?" என்றாள் அம்மா.

"அம்மா, இன்னிக்குச் சாயங்காலம் வாசிக்கணும்..."

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கோ."

தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். கை வரவில்லை. வெறுங்கையோடு அடையாறு போய் நண்பர்களிடம் திட்டு வாங்கினேன். என் இடத்தில் வேறொருவன் வாசித்தான்.

மறுநாள் விஜயதசமி. அம்மா தன் வீணையைத் தொடாமல், கிதாரை என் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"முதல்ல நீ வாசி. கேக்கறேன்."

பிறகு எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன். ஆனால் என் முதல் மேடை அன்று அம்மாவுக்கு எதிரேதான்.