கஞ்சி கணக்கில் வராது

சுப்பம்மாள் மதினிக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது குவாண்டிட்டி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குப் பண்டகசாலையில் சுக்குத் தோல் சுரண்டித் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. சாயங்காலமானால் மேனேஜர் வந்து, "இன்னு குவாண்டிட்டி எத்ர?" என்று கேட்பார். இன்றைக்கு எவ்வளவு என்று அர்த்தம். தராசில் ஏறியதுதான் குவாண்டிட்டி. கீழே கிடக்கிற தோலும் தூசியும் அதில் சேராது. அதைக் கூட்டி அள்ளுவதும் அவள்தான், ஆனால் அது கணக்கில் வராது.

அந்த வார்த்தையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். மீன்காரனிடம், "என்ன சேட்டா, மத்திக்கு வில கூடுது, குவாண்டிட்டி குறையுதே!" என்பாள். எங்கள் வரிசையில் எல்லாம் தமிழ் பேசுகிற கார்ப்பரேஷன் தொழிலாளிக் குடும்பங்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். "வந்துட்டாங்கய்யா குவாண்டிட்டி மதினி!" என்று நான் கேலி செய்வேன். "போடி கங்கா, வாயாடி" என்று சிரிப்பாள். நன்றாகச் சிரிக்கிறவள்தான். பிறகு அவளைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் புருஷன் அய்யாசாமி அண்ணாச்சிக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. சாக்கடை அள்ளுகிற வேலை, சர்க்கரை வியாதி, போதாக்குறைக்கு இடுப்பு வலிக்கென்று கண்ட மாத்திரையும் வாங்கி விழுங்கியிருக்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? வாரத்துக்கு இரண்டு நாள் எறணாகுளத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மூத்திரம் அநேகமாக நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கும், நெஞ்சில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். "வெள்ளத்தின்றெ குவாண்டிட்டி நோக்கணும் சேச்சி." வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

"குவாண்டிட்டிதானே சாரே, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மதினி.

பார்த்துக்கொண்டாள், அப்படிப் பார்த்துக்கொண்டாள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றுவாள். மாத்திரைக்கும் அதுதான், சாயாவுக்கும் அதுதான். அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவாள். மதியத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். அதன்பிறகு அண்ணாச்சி சுவரைத் தட்டுவார். "கங்கா, நாக்கு ஒட்டுது தாயி. நனைக்கத்தான் கேக்கேன்." நான் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் செத்துப்போவார் என்று மதினி சொல்லியிருந்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் கெஞ்சுவார், அப்புறம் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது. அழமாட்டாள், பதில் பேசமாட்டாள். மரத்துப்போன கால் மாதிரி ஆகிவிட்டாள், கிள்ளினாலும் தெரியாது. கேலி செய்வதை நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் காலையிலும் ராத்திரியிலும் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சி கொடுப்பாள். எங்கள் ஊரில் ஒரு மனுஷன் படுத்துவிட்டால் கஞ்சிதானே? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தர்மத்துக்கு வாளியில் கஞ்சி கொண்டுவந்து நோயாளிகளுக்கு ஊற்றுகிறார்கள். கஞ்சி குடிக்கிறோம் என்றுதான் சொல்கிறோம், இருந்தாலும் கஞ்சியை யாராவது தண்ணீர் என்று சொல்வார்களா? அது சோறு. பசிக்குக் கொடுப்பது.

அண்ணாச்சிக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. டயாலிசிஸுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிற ஷீஜா சிஸ்டர், "சேச்சி எந்தா ஈ செய்யுந்நது? எத்ர வெள்ளமா கொடுத்தது?" என்று எல்லார் முன்னாலும் கத்துவாள். மதினி தன் மகள் அம்பிளியின் தலைமேல் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை.

அவளுக்கு அண்ணாச்சி மேல்தான் சந்தேகம். திருட்டுத்தனமாகத் தெருக்குழாயில் குடிக்கிறார் என்று நினைத்து, என்னைக் காவல் வைத்தாள். நானும் போலீஸ் மாதிரி ஜன்னலில் நின்று பார்த்தேன். மனுஷன் கட்டிலை விட்டு அசையவில்லை. அன்றிலிருந்து பாட்டிலில் இன்னும் ஒரு விரல் அளவு குறைத்துவிட்டாள். பாவி, கஞ்சியில் குறைக்கவில்லை.

ஒருநாள் விடியும்போது அவருக்கு மூச்சு முட்டியது. நாங்கள் இரண்டு பேருமாக ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மிஷினில் போட்டு, ஒருவழியாக மூச்சு திரும்பியபிறகு ஒரு சின்னப்பெண் டாக்டர் வந்து, நேற்றிலிருந்து என்னென்ன கொடுத்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். மதினி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கஞ்சி என்றதும் டாக்டர் நிமிர்ந்தாள். எவ்வளவு என்று கேட்டாள். மதினி இரண்டு கையையும் கிண்ணம் போலக் குவித்துக் காட்டினாள்.

"அய்யோ சேச்சி, கஞ்சியும் வெள்ளமல்லே!" என்றாள் பக்கத்தில் நின்ற ஷீஜா.

மதினி குவித்த கையைப் பிரிக்காமலே நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப ரசம்?"

"அதும்."

"மோரு?"

"அதும் சேச்சி. எல்லாம் ஆ குவாண்டிட்டியில் வரும்."

"சரி" என்றாள். பண்டகசாலையில் மேனேஜர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, அவ்வளவுதான். ஒரு வாய்த் தண்ணீருக்கு அந்த மனுஷனை நாயாக அலையவிட்டு, கிண்ணம் கிண்ணமாக அவளே ஊற்றியிருக்கிறாள்.

வார்டுக்குப் போனதும் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, "ஏங்க, கஞ்சியும் தண்ணிக் கணக்குத்தானாம். எனக்குத் தெரியாமப் போச்சு. நாந்தான் உங்கள இப்படி ஆக்கிட்டேன்" என்றாள்.

அண்ணாச்சி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கஞ்சியும் கணக்குன்னு. பக்கத்துப் பெட்டுக்காரர் மொதல்லயே சொன்னாரு."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா அதையும் நிறுத்திருவியே சுப்பு."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! "அடப்பாவி அண்ணாச்சி! ஊரே அவளப் பொய்க்காரின்னு சொல்லுச்சே, அவ மக தலைல சத்தியம் பண்ணாளே, கேட்டுக்கிட்டுத்தான கெடந்தீரு!" என்று வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர், "தாகம் தாயி" என்றார். மதினி போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். அவளுக்குக் கோபம் கூட வரவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கஞ்சி நின்றது. வடித்த சோறும் துவையலும் கொடுத்தாள். ஆனால் நெஞ்சு ஏற்கெனவே பலவீனப்பட்டுவிட்டது. மழைக்காலம் வந்தபோது டயாலிசிஸைக் கூட உடம்பு தாங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று மதினி அடுக்களையைத் திறந்துபோட்டாள். நிறையத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டுக் கஞ்சி வைத்தாள். கட்டிக்கொடுத்த பள்ளுருத்தியிலிருந்து மகள் அம்பிளி வந்து அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதே கிண்ணம் நிறைய மதினி கொண்டுவந்தாள்.

"அளவெல்லாம் இனி கெடையாதுங்க. எவ்வளவு வேணுமோ குடிங்க."

ஒரு கரண்டி வாயில் விட்டாள். விழுங்கினார். இரண்டாவது கரண்டி கடைவாயில் வழிந்தது.

"வேண்டாம் சுப்பு" என்றார்.

"தண்ணி தரட்டா? பச்சத்தண்ணி?"

வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து உதட்டில் வைத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருந்தார்.

மதினி சொம்போடு என் பக்கம் திரும்பினாள். அத்தனை மாதமாக ஒன்றும் இல்லாமல் கிடந்த முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"கங்கா, இவருக்குத் தாகம் போயிருச்சுடி" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள்.